வெற்று வீச்சு

மாதம் ஒரு முறை வருவேன். என் கழுத்தில்
ஒரு பித்தளைச் சாவி.
துலாவின் முதுகில் பூட்டிய பெட்டிக்குள்
பற்சக்கரங்கள் எண்ணி வைத்ததைப் படித்து
எழுதிக்கொள்வது என் வேலை.
ஒரு கூடைக் கரிக்கு எவ்வளவு தண்ணீர்
எத்தனை அடி ஏறியது,
கார்ன்வால் சுரங்கங்களில் எந்த இயந்திரம் முதல், எது கடைசி:
அட்டவணை அச்சாகும்.
லண்டனில் பங்குகள் ஏறும், இறங்கும்.

வீல் கெரன்ஸாவின் பொறியாளர் ஜேபஸ் ட்ரெகியருக்கு
என்னைப் பிடிக்காது.
கெரன்ஸா என்றால் அவர்களுடைய பழைய மொழியில் அன்பாம்.
நூற்றிருபது பாகம் ஆழம், முழங்கால் வரை சேறு.
அன்பு எந்த மட்டத்தில் கிடைக்கிறதென்று
இறங்கிப் பார்த்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

காது மந்தம் அவருக்கு.
பதினாறு வயதில் ஒரு கொதிகலன் வெடித்தபோது போனது.
அதனால் பல்லால் கேட்பார்.
ஆஷ் மரக் கம்பின் ஒரு முனையைக் கடித்து
மறுமுனையை வால்வுப் பெட்டியில் ஊன்றி
கண்ணை மூடி நிற்பார்,
நல்லியெலும்பை உறிஞ்சுகிற மாதிரி.
"மூன்றாவது போல்ட்" என்பார்.
திருகுசாவியோடு ஓடுகிற பையன்
மூன்றாவது போல்ட் தளர்ந்திருப்பதைப் பார்ப்பான்.

சூடு வீணாகக் கூடாதென்று
சிலிண்டரைச் சுற்றி மரத்தூள் அடைத்தார்,
குழாய்களுக்குக் கம்பளி சுற்றினார்.
மனைவி லவ்டே சொல்வாள்:
"எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது.
இவருக்கு அந்த இரும்புக்குக் குளிருமே என்று கவலை."

அந்த ஆகஸ்டில் மழையே இல்லை.
பெட்டியைத் திறந்தேன்.
மூன்று லட்சத்து ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம்.
மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன்: முதலிடம்.
வாழ்த்தக் கை நீட்டினேன்.
"பதினோராயிரத்து நானூறு கழித்துக்கொள்" என்றார்.

புகை படிந்த சுவரைக் காட்டினார்.
சுண்ணக் கோடுகள், இருபத்திரண்டு இரவுகளுக்கு.
விடியலுக்கு முன் ஒரு மணி நேரம்
அடியில் ஊற்று வற்றிவிடும்,
பம்பு காற்றைக் குடிக்கும்.
துலா என்னவோ எழுந்து விழும்,
பெட்டி என்னவோ எண்ணும்.
வேகத்தைக் குறைக்கக் கூடாதென்று லண்டன் உத்தரவு.

அன்றிரவு என்னைப் போக விடவில்லை.
நாலரை மணிக்கு உலுக்கி எழுப்பி
கம்பை என் வாயில் திணித்தார்.
எச்சில், எண்ணெய், கரி.
முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தாடைக்குள்
பாரமாய் ஒரு நடை. தண்ணீர்.
அடுத்தது, தண்ணீர்.
அடுத்தது
இருட்டில் மாடிப்படி முடிந்தது தெரியாமல்
இன்னொரு படிக்குக் காலை இறக்கியது போல.

சட்டம் தெளிவானது: பெட்டி சொல்வதே கணக்கு.
முழு எண்ணையே அச்சுக்குக் கொடுத்தேன்.
என் பல்லுக்குத் தெரிந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வெள்ளிக் கூஜா பரிசு. அவர் வரவில்லை.
தாது உடைத்து உடைத்துக் காய்த்த கையால்
லவ்டே வந்து வாங்கிக்கொண்டாள்.
மழை பிடித்த பிறகு ஒருநாள் போனேன்.
கூரை ஒழுகும் இடத்தில் கூஜா நின்றது, முக்கால்வாசி நிறைந்து.
"இதற்குச் சாவி வேண்டியதில்லை" என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அவரைப் புதைத்தார்கள்.
ஜனவரி. மெதடிஸ்ட் கல்லறையில்
பக்கவாட்டில் அடித்தது மழை.
இயந்திரத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால்
கீழே இருப்பவர்களுக்கு இடுப்புவரை வந்துவிடும்.
போதகர் வாசிக்க வாசிக்க
குன்றின் மேல் துலா எழுந்தது, விழுந்தது.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆமென் வரை தொண்ணூற்று மூன்று.

அதில் எத்தனை தண்ணீர் கொண்டுவந்தன,
எத்தனை வெறும் காற்று, தெரியாது.
கம்பை அவர் பக்கத்திலேயே வைத்து
பெட்டியை மூடியிருந்தார்கள்.